நிர்வாகம் பொறுப்பல்ல

யார் கவனக்குறைவுக்கு யார் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லும் தீங்கியல் சட்டம் படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து மஞ்சுவின் கண்ணுக்கு ஊரில் எதுவுமே ஒழுங்காகத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுத் தென்னை மதிலைத் தாண்டிச் சாய்ந்திருந்தால் அது ஒரு வழக்கு. மினிபஸ்ஸில் படி ஆடினால் அது இன்னொரு வழக்கு. திருநெல்வேலியில் சட்டக் கல்லூரி இரண்டாம் வருஷம். பரீட்சைக்குப் படிக்க லீவு விட்டதும் குத்துக்கல்வலசை வீட்டுக்கு வந்தவள், வாதியும் இல்லாமல் பிரதிவாதியும் இல்லாமல் தினம் நாலு வழக்கு நடத்திக்கொண்டிருந்தாள்.

அவளைப் படிக்க வைப்பது அண்ணன் இசக்கிராஜா. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில், தோப்புக்காரர் ஒருவரிடம் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறான். பதினைந்து வருஷத் தொழில். கொட்டகையிலிருந்து இறங்க நாலு கருங்கல் படி உண்டு. ஒருவர் எண்ணெய் தேய்த்து எழுந்ததும் இசக்கி அவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, படியில் உமிச்சாம்பலைத் தூவி, தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்த பிறகுதான் இறங்கச் சொல்லுவான். எத்தனை பேர் காத்துக்கிடந்தாலும் ஆளுக்கு ஒரு தடவை இது நடந்தாக வேண்டும்.

மஞ்சு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் அவள் படித்த பாடம், ஆபத்து தெரிந்தே ஒருவன் காலை வைத்தால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது என்பது. உடனே ஒரு தகரத்தை வாங்கி, சிவப்புப் பெயின்டில் எழுதினாள்: 'படி வழுக்கும். விழுந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.'

"நிர்வாகம்னா யாருட்டி?" என்று கேட்டான் இசக்கி.

"நீதாண்ணே. இனி எவனும் உம்மேல கேஸ் போட முடியாது."

இசக்கிக்குப் பெருமை பிடிபடவில்லை. வருகிறவன் போகிறவனிடமெல்லாம் தங்கச்சி எழுதின போர்டு என்று காட்டினான். சாரல் நன்றாக விழுந்து கூட்டம் நெரிந்தபோது, அதான் போர்டு இருக்கே என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. ஆளுக்கு ஒரு தடவை போட்ட சாம்பல், காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை என்று ஆனது.

ஞாயிற்றுக்கிழமை வல்லிநாயகம் விழுந்தார். பண்பொழிக்காரர், ரிட்டயர்டு ஏட்டு. கொட்டகை எடுத்த நாளிலிருந்து இசக்கியின் கைக்குத்தான் தலையைக் கொடுப்பார். இரண்டாவது படியில் கால் சறுக்கி, வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்கள். அவர் மகன் மதுரையில் போலீஸ். புகார் எழுதிக் கொடுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அப்பாவை நச்சரித்துக்கொண்டிருந்தான். போலீஸ், கேஸ் என்று வந்தால் கொட்டகையைக் காலி பண்ணிவிட வேண்டும் என்று தோப்புக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். கொட்டகை போனால் சோறும் போச்சு, மஞ்சுவின் படிப்பும் போச்சு.

மறுநாள் காலை அண்ணனும் தங்கையும் பண்பொழிக்குக் கிளம்பினார்கள். "நீ வாயத் தெறக்காத. மன்னிப்புக் கேட்டேன்னா தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி. நான் பேசுதேன்" என்று பைக்கில் போகும்போதே மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

வல்லிநாயகம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி யோகலட்சுமி இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். மீசை வைத்த ஏட்டையாவுக்கு அதுவே பெரிய கூச்சமாக இருந்தது. மஞ்சு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, அங்கன போர்டு இருந்துச்சுல்லா? படிச்சியள்லா?"

"படிச்சேன்."

"வழுக்கும்னு தெரிஞ்சிதான கால வச்சிய?"

"தெரியாமலா? எண்ணெய்னா வழுக்கத்தான செய்யும்" என்றார் அவர். கோபமே இல்லை குரலில். "ஆனா பதினஞ்சு வருசமா சாம்பல் போடாம இவன் என்னைய எறக்குனதே இல்ல தாயி. அந்த நெனப்புலதான் குனிஞ்சுகூடப் பாக்காம எறங்குனேன். ஏலே இசக்கி, அன்னைக்கு ஏன்லே போடல?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டான். தான் சொன்னபடியே வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்றுதான் மஞ்சு முதலில் நினைத்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் தங்கச்சி எழுதின போர்டு என்று சொல்ல வேண்டிவரும். அதற்காகத்தான் அடைத்துக்கொண்டு நிற்கிறான். ராத்திரி முழுக்க அவள் எழுதித் தயார் பண்ணின வாதங்களில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

"எம்மேலதான் தப்பு அண்ணாச்சி" என்றாள். "போர்ட நாந்தான் எழுதி மாட்டுனேன். பொறுப்பில்லன்னு எழுதிப் போட்டதும் அண்ணன் அத நம்பிட்டான். அதனாலதான் சாம்பல் போடுதத விட்டுட்டான்."

"அவ சின்னப் பிள்ள, அவளுக்கு என்ன தெரியும்!" இசக்கி பாய்ந்து வந்து அவரது கட்டுப் போட்ட கையைப் பிடிக்கப் போய், பிடிக்கப் பயந்து, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டான். "எம்மேலதான் அண்ணாச்சி. சாம்பல் போட வேண்டிய கை என் கைதான? மன்னிச்சிருங்க."

"நீ சும்மா இருண்ணே, எம்மேலதான்."

"ஏட்டி, பேசாத."

செல்போன் அடித்தது. மகன்தான். யோகலட்சுமி எடுத்துக் கணவர் காதோடு வைத்தாள். வல்லிநாயகம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"கேஸு எழுதாண்டாம்டே. எப்படி எழுத? ரெண்டும் இங்கன வந்து எம்மேல தப்பு, எம்மேல தப்புன்னு அடிச்சுக்கிடுதுவ. ஒருத்தரும் விட்டுக்குடுக்க மாட்டேங்காவ." மீசையில் ஒட்டியிருந்த இட்லித் துணுக்கை இடது கையால் தட்டிவிட்டார். "போர்டப் படிச்சிட்டும் குனிஞ்சு பாக்காம கால வச்சது நாந்தான? அதுல எனக்கும் பங்கு உண்டுடே. வையி போன."

மஞ்சு அழுதுவிட்டாள். யோகலட்சுமி உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வந்தாள்.