இடக்கை தூக்கியவர்கள்

ஆய்வாளர் வருகிறார் என்றதும் பள்ளியே அல்லோலகல்லோலப்பட்டது. சுவர்கள் வெளுத்தன, பிள்ளைகளின் கைகளுக்கும் ஒத்திகை நடந்தது. விடை தெரிந்தவர் வலக்கை தூக்க வேண்டும், தெரியாதவர் இடக்கை. பார்ப்பவர் கண்ணுக்கு வகுப்பு முழுவதும் மேதைகள்! ஆசிரியர் அழைப்பதோ வலக்கைகளை மட்டும். தலைமையாசிரியர் ஆண்டாண்டாக அரங்கேற்றிவரும் நாடகம் அது.

"டீச்சர், அந்த அம்மா எழுதப்போற ஒரு வரியிலதான் உங்க வேலை நிரந்தரமாகும். சொதப்பிடாதீங்க," என்று அறிவியல் ஆசிரியையின் காதைக் கடித்துவிட்டு, தலைமையாசிரியர் கதவோரம் நின்றுகொண்டார். ஆய்வாளர் அம்மையார் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தார்.

ஆசிரியை ஒரு தாளைக் கசக்கி உருட்டினாள். "இந்த உருண்டையையும் தடிப் புத்தகத்தையும் ஒண்ணா விட்டா, எது முதல்ல விழும்?"

கைகள் காடாய் எழுந்தன. பாதிக்கு மேல் இடக்கைகள்! நேற்று நடத்திய பாடம்! தெரியாத பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு யாருக்குப் பாடம் நடத்துவது? வேலையாவது, நிரந்தரமாவது! முதல் வரிசையில் இடக்கை தூக்கியிருந்த வாயாடிச் சிறுமியை அழைத்தாள்.

வாயாடி தூக்கிய கையையே ஆட்டிக் காட்டினாள். "டீச்சர், நான் இடது கை!"

வகுப்பு குபீரென்று சிரித்தது. தலைமையாசிரியருக்கு இருமல் வந்தது.

"அதனாலதான்டா கூப்பிட்டேன். உனக்கு என்ன தோணுது?"

"புத்தகம்தான். தடியன் முந்துவான்ல?"

"மேசை மேல ஏறு. விட்டுப் பாரு."

டப்! ஒரே சத்தம்.

"அழுகுணி ஆட்டம்! இன்னொரு தடவை!" மீண்டும் டப்! வாயாடி ஒரு தாளைக் கசக்காமல் விட்டாள். அது ஆடி அசைந்து இறங்கியது. "காத்து! காத்துதான் தடுக்குது டீச்சர்!" என்று குதித்தாள். மேசை ஆடியது, வகுப்பு அதிர்ந்தது, ஆசிரியைக்கு மெய்சிலிர்த்தது.

அம்மையார் எழுந்தார். "அதென்னம்மா இடது கை?"

தலைமையாசிரியர் கண்ணைக் காட்டினார். ஆசிரியை நிமிர்ந்தாள். "தெரியாதவங்க தூக்குற கைம்மா. உங்களுக்குத் தெரியாம இருக்கச் செஞ்ச ஏற்பாடு. நானும் ஒத்துக்கிட்டேன், தப்புதான். இனிமே என் வகுப்புல அந்தக் கையைத்தான் முதல்ல கூப்பிடுவேன்."

அம்மையார் கதவோரம் திரும்பினார். "ஐயா, காத்தே இல்லாத இடத்துல இறகையும் இரும்புக் குண்டையும் விட்டா?"

தலைமையாசிரியரின் வலக்கை அரைகுறையாக எழுந்தது, தயங்கியது, தாழ்ந்தது. இடக்கை உயர்ந்தது.

"சபாஷ்! டீச்சர், இவரையும் முன் பெஞ்சுல உட்கார வைங்க. 'நிரந்தரம்'னு எழுதிட்டு வந்துடுறேன். அதுவரைக்கும் எதையும் கீழ போட்டுடாதீங்க, நானும் பார்க்கணும்!"