ஒரே முகம், இரண்டு கேமரா

"தாடைய கொஞ்சம் எறக்கு," என்றார் வெண்டல்.

"பதினோரு வருஷமா எறக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் எறக்குனா நெஞ்சுல முட்டிடும்," என்றாள் மார்லிஸ். சொல்லிக்கொண்டே இறக்கவும் செய்தாள். இடது கை வலது முழங்கையைச் சொறிந்துகொண்டிருந்தது.

"கைய ஆட்டாத."

"அரிக்குதுப்பா. இந்தக் கம்பளி ஸ்வெட்டர் நீ வாங்கினதுதானே? ஒருநாள் நீயே போட்டு ஒக்காந்து பாரு."

வடக்குப் பார்த்த ஜன்னல், முதுகு நேரான நாற்காலி, நீல ஸ்வெட்டர், காலை பதினோரு மணி. வெண்டல் ஹாகன் வீட்டுக்கு எந்தப் புதுக் கேமரா வந்தாலும் இந்த நான்கும் மாறாது. முதல் படத்தில் மட்டும் அவர் மனைவி மார்லிஸ் ஒரு சாம்பல் நிற அட்டையைக் கன்னத்தருகே பிடித்துக்கொள்வாள். கணினியில் அந்த அட்டை சரியான சாம்பலாகத் தெரிந்துவிட்டால் படத்திலுள்ள மற்ற நிறங்களையும் நம்பலாம். முப்பத்திரண்டு வருடம் அமெரிக்காவின் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் நில அளவையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் வெண்டல். ஊரில் அவர் நட்ட எல்லைக் கல் ஒன்றுகூட அரை அங்குலம் பிசகியதில்லை என்பது அவருடைய பெருமை. நிலத்தை அளந்த கை இப்போது கேமராக்களை அளந்தது.

அளந்ததைப் போட்டுக்காட்ட ஓர் இணையக் குழு இருந்தது. எந்தக் கேமரா மனித முகத்தை நன்றாக எடுக்கிறது என்று விடிய விடியச் சண்டை போடும் கூட்டம். அங்கே வெண்டலின் சோதனைக்குத் தனி மரியாதை. கேமராவின் பெயரைச் சொல்லாமல் ஒரே முகத்தின் இரண்டு படங்களை 'அ', 'ஆ' என்று போடுவார். எல்லோரும் வாக்களித்த பிறகுதான் எது எது என்று சொல்வார். மார்லிஸின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அவள் அவர்களுக்கு 'டுலூத் அம்மா'. அவளுடைய இடது கண் இமையில் எத்தனை முடி என்றுகூட அவர்களில் சிலர் எண்ணியிருப்பார்கள்.

இந்த முறை வந்த கேமராவைப் பிடிக்காவிட்டால் பதினான்கு நாளில் கடைக்குத் திருப்பிவிடலாம். பழைய கேமராவோ ஒன்பது வருடமாக அவருடைய வலது கை. அதை எதுவும் ஜெயித்துவிடக் கூடாது என்று மனத்தின் ஓரத்தில் ஆசை இருந்தது. ஆனால் அளக்கிறவன் ஆசைப்படக் கூடாது என்று அதை மறைத்து வைத்திருந்தார்.

நான்கு படம் எடுத்ததும் மார்லிஸ் எழுந்துவிட்டாள். "போதும். தல கிறுகிறுங்குது. நான் கொஞ்சம் படுக்கறேன்."

"பழைய கேமராவுலயும் ரெண்டு எடுத்துக்கறேனே?"

"நாளைக்கு."

நாளை வரை பொறுக்க அவரால் முடியவில்லை. பழைய கேமராவில் ஏப்ரலில் எடுத்த படங்கள் இருக்கின்றனவே? அதே நாற்காலி, அதே ஜன்னல், அதே ஸ்வெட்டர், அதே லென்ஸ். எதற்கு அவளை மறுபடி தொந்தரவு செய்ய வேண்டும்? ஏப்ரல் படத்தை 'அ' என்றும் இன்றைய படத்தை 'ஆ' என்றும் போட்டுவிட்டார்.

மறுநாள் மதியத்துக்குள் நாற்பத்தாறு வாக்குகள். அதில் நாற்பத்தொன்று 'அ'வுக்கு. 'ஆ'வை ஆளாளுக்குக் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். "அம்மா மூஞ்சில யாரோ கடுக அரைச்சு பூசிட்டாங்க" என்று ஒருவர். "இந்தக் கம்பெனிக்கு மனுஷத் தோலுன்னா என்னன்னே தெரியாது" என்று இன்னொருவர். வெண்டலுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. புதுக் கேமராக்கள் தோலின் நிறத்தை எப்படிக் கெடுக்கின்றன என்று இரண்டு பக்கத்துக்கு ஒரு வியாசம் எழுதிப் போட்டார். சாப்பாட்டு மேசையில் அதை மார்லிஸுக்கு வாசித்தும் காட்டினார். அவள் தட்டில் உருளைக்கிழங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தியபடி கேட்டுவிட்டு, "பாவம் அந்தக் கேமரா," என்றாள். தட்டு அப்படியே திரும்பிப் போனது.

ஆனால் ஒன்று அவரை உறுத்தியது. 'ஆ' படத்தில் சாம்பல் அட்டை சாம்பலாகவே இருந்தது. பின்னாலிருந்த புத்தக அலமாரியின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. முகம் மட்டும் மஞ்சள். மூன்று நாள் கேமராவின் ஒவ்வொரு அமைப்பையும் திருகிப் பார்த்தார். முகத்தைச் சரிசெய்தால் அட்டை ஊதாவானது. அட்டையைச் சரிசெய்தால் முகம் மறுபடி மஞ்சளானது.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு டுவேன் காபி குடிக்க வந்தார். வெண்டல் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"டேய், என்னடா பண்ணப் போற? பாஸ்போர்ட்டா?"

"சும்மா ஒக்காரு. சிரிக்காத."

"சிரிக்கலன்னா என் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியாதுடா."

படத்தில் டுவேன் டுவேனாகவே இருந்தார். ஏரிக் காற்றில் அடிபட்ட தக்காளிச் சிவப்பு. வெண்டல் நெற்றியைச் சுருக்கினார். சிவந்த தோலில் மஞ்சள் மறைந்துபோகும், வெளுத்த தோலில்தான் தெரியும் என்று ஒரு காரணம் கண்டுபிடித்தார். அதையும் குழுவில் எழுதினார்.

போகும்போது வாசலில் பூட்ஸை மாட்டிக்கொண்டே டுவேன், "மார்லிஸ் எங்கடா? ஆளையே காணோம்," என்றார்.

"தூங்கறா. நவம்பர் வந்தாலே அவளுக்கு இப்படித்தான்."

அன்று மாலை டூசான் ஊரிலிருந்து நியெவஸ் என்ற பெண் எழுதியிருந்தாள். குழுவில் பழைய உறுப்பினர், பேச்சில் தயவு தாட்சண்யம் பார்க்காதவள். "சர்வேயர் சார், மாட்டிக்கிட்டீங்க. 'அ'வுல அம்மாவுக்கு முடி காதுக்கு மேல இருக்கு. 'ஆ'வுல கழுத்து வரைக்கும் வந்திருக்கு. ரெண்டும் ஒரே நாள் எடுத்தது இல்ல. நீங்களே இப்படிப் பண்ணா நாங்க யார நம்பறது?"

வெண்டலுக்குக் காது மடல் சுட்டது. ஒரே வயலின் இரண்டு ஓரத்தையும் வெவ்வேறு கல்லிலிருந்து அளப்பவனை அவர் தன் காலத்தில் வேலையைவிட்டே அனுப்பியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி எழுதினார். நாளைக்கே இரண்டு கேமராவிலும் புதிதாக எடுத்துப் போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

மார்லிஸ் சம்மதிக்கவில்லை. சோபாவில் போர்வைக்குள் கிடந்தாள். "முகமே தெரியாத ஒருத்திக்காக நான் எந்திரிக்கணுமா?"

"பத்து நிமிஷம். என் மானம் போகுது மார்லிஸ்."

"ஒன் மானம் என் மூஞ்சிலயா ஒட்டிட்டிருக்கு?" என்றாலும் சிரித்துவிட்டாள். "இதான் கடைசி. எழுதித் தா."

பதினோரு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தாள். நீல ஸ்வெட்டர் தோளில் நிற்காமல் சரிந்தது. வெண்டல் அதை இழுத்துவிட்டு, முதுகுப் பக்கம் இரண்டு துணிக் கவ்வி போட்டார். புதுக் கேமராவில் ஆறு படம். அதே முக்காலித் தாங்கியில் பழைய கேமராவை மாட்டி ஆறு படம். அட்டையைப் பிடித்திருந்த அவள் கை லேசாக நடுங்கியது. அவர் அட்டையைத்தான் பார்த்தார்.

கணினியில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தபோது முதலில் வந்தது சந்தோஷம்தான். வித்தியாசமே இல்லை! பதினோரு வருடத்தில் இப்படி இரண்டு கேமராக்கள் ஒத்துப்போய் அவர் பார்த்ததில்லை. புதுக் கேமராவில் ஒரு குற்றமும் இல்லை. திருப்பித் தர வேண்டியதில்லை. நியெவஸுக்கு என்ன எழுதலாம் என்று முதல் வரியைக்கூட யோசித்துவிட்டார்.

பிறகுதான் அவருடைய கை மவுஸின் மேல் அப்படியே நின்றது.

பழைய கேமராவிலும் முகம் மஞ்சளாக இருந்தது. ஒன்பது வருடமாகப் பொய் சொல்லாத கேமரா. அட்டை சாம்பல், அலமாரி வெள்ளை, மார்லிஸ் மஞ்சள். அவர் ஏப்ரல் படத்தைத் திறந்து மூன்றாவதாக வைத்தார். ஏப்ரலில் அவளுக்குக் கன்னம் இருந்தது. இப்போது கன்னம் இருந்த இடத்தில் எலும்பு. வழக்கம்போல் இடது கண்ணைப் பெரிதாக்கினார். எப்போதும் அவர் அங்கே பார்ப்பது இமை முடியின் கூர்மையை. இன்று விழியின் வெள்ளையைப் பார்த்தார். அது வெள்ளையாக இல்லை. பழைய செய்தித்தாளின் நிறத்தில் இருந்தது.

இந்த மாதம் பகலிலேயே வீட்டில் விளக்கு போட்டாகிவிடும். விளக்கு வெளிச்சத்தில் எல்லா முகமும் மஞ்சள்தான். பகல் வெளிச்சத்தில் அவர் மனைவியைப் பார்த்தது இந்த நாற்காலியில் மட்டும்தான். அதுவும் கேமராவுக்குப் பின்னாலிருந்து. அரிப்பு, கிறுகிறுப்பு, திரும்பிப் போன தட்டு, இறுக்கிப் பிடிக்க இரண்டு கவ்வி கேட்ட ஸ்வெட்டர். எல்லாம் அவர் கண் முன்னால்தான் இருந்தன. நாற்பத்தொரு பேர் அந்த மஞ்சளைப் பார்த்துச் சொல்லியும், நான் கேமராவைத் திட்டி இரண்டு பக்கம் எழுதினேனே என்று நினைத்து வெட்கப்பட்டார். வெட்கத்துக்கு அடியில் பயம் இருந்தது.

"எது ஜெயிச்சுது?" சமையலறையிலிருந்து மார்லிஸின் குரல் வந்தது.

வெண்டல் எழுந்து போனார். அவள் விளக்கின் கீழே நின்று கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்து கெட்டிலை வாங்கி அடுப்பு மேல் வைத்துவிட்டு, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார்.

"கொஞ்சம் ஜன்னல் கிட்ட வா."

"மறுபடியுமா? கடைசின்னுதானே பேச்சு, பொய்க்காரா!"

"கொஞ்சம் வா, மார்லிஸ்."

குரலில் ஏதோ கேட்டிருக்க வேண்டும். அவள் கூடவே வந்தாள். அவர் கைப்பேசியில் கிளினிக்கின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தார். மணி அடித்துக்கொண்டிருந்தது. வெளியே மேகமூட்டம். ஏரிப் பக்கமிருந்து நிழலே விழாத வெளிச்சம் வந்தது. முகம் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது என்று பதினோரு வருடமாகக் குழுவில் சொல்லிவருகிறவர் அவர்.

"போன் யாருக்கு?" என்றாள். அவர் இரண்டு கையாலும் அவள் முகத்தை ஏந்தி வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

பழக்கதோஷம். மார்லிஸ் தாடையைக் கொஞ்சம் இறக்கினாள். தோளைத் தளர்த்தி, கண்ணைச் சிமிட்டாமல் அகலத் திறந்து, க்ளிக் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.