வண்டி போன பின்பு

சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷனுக்கு அப்பால் நெல் விளைந்த நிலத்தை மனை போட்டு, அதற்கு விநாயக நகர் என்று பெயரும் வைத்து விற்றபோது, முந்திக்கொண்டு வாங்கியவர்கள் இரண்டு பேர். ஒருவர், கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த மணவாளன். இன்னொருவர், அங்கேயே கோர்ட்டில் வேலை பார்த்த ஹிதாயத்துல்லா. இருவரும் காலை பாசஞ்சரில் ஒரே பெட்டியில் கடலூர் போய், மாலை பாசஞ்சரில் ஒரே பெட்டியில் திரும்புகிறவர்கள். பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கலாம் என்ற யோசனை கிள்ளைக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் பிறந்தது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக எல்லையில் ஒரே கிணறு வெட்டிக்கொள்ளலாம் என்பது ஆலப்பாக்கம் தாண்டித் தோன்றியது. ஜன்னல் ஓரக் காற்றில் எந்த யோசனையும் நல்ல யோசனையாகத்தான் படும்.

நகரில் ஆண்பிள்ளைகள் எல்லாருமே அந்த வண்டியில் போகிறவர்கள்தான். காலையில் இஞ்சின் ஊதிவிட்டால் மருந்துக்கும் ஒரு மீசை அங்கே இருக்காது. பொழுது சாய்ந்த பிறகு டிபன் கேரியரை ஆட்டிக்கொண்டு வரிசையாக வருவார்கள், சாப்பிடுவார்கள், தூங்குவார்கள். மணவாளனுக்குத் தன் வீட்டுச் சுண்ணாம்பு என்ன நிறம் என்று ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும்.

குடி வந்த வருஷமே சண்டை வந்துவிட்டது. ஹிதாயத்துல்லா வீட்டு ஆடு, மணவாளனின் மனைவி தைலம்மாள் ஆசையாக வைத்திருந்த கனகாம்பரத்தை வேரோடு மேய்ந்துவிட்டது. தைலம்மாள் கிணற்றடியில் நின்று கேட்டாள். ஹிதாயத்துல்லாவின் மனைவி சர்புன்னிசா, "பூவத் தின்னுட்டு எங்க ஆடு ரெண்டு நாளா கழியுது, அத யாரு கேக்கறது?" என்று எதிர்க்கேள்வி போட்டாள். அன்றைக்கே இரண்டு வீட்டிலும் உத்தரவு பிறந்தது. அந்த வீட்டு ஆளோடு பேச்சு வார்த்தை கூடாது.

இருவரும் உத்தரவுக்குக் கட்டுப்பட்டார்கள். காலையில் தெருவின் இந்த ஓரம் ஒருவர், அந்த ஓரம் ஒருவர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். வண்டியில் ஏறியதும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டார்கள். எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால்களின் மேல் துண்டை விரித்துச் சீட்டுப் போடுவார்கள்.

"வூட்ல எப்பிடி மச்சான்?" என்பார் ஹிதாயத்துல்லா.

"இன்னும் எரிஞ்சிக்கிட்டுதான் கெடக்குது. நேத்துகூட உன் ஆட்டப் பத்திதான்."

"எங்க வூட்லயும் அதே கததான். எறங்கினா எம்பக்கம் திரும்பிடாத, சாமி."

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. அறுபத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் மணவாளனுக்குச் சிதம்பரத்திலேயே மாற்றல் ஆயிற்று. ஆபீசில் எல்லாரும் கை குலுக்கினார்கள். கூப்பிடு தூரத்தில் வேலை, மத்தியானம் வீட்டுச் சாப்பாடு, இதற்கெல்லாம் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். தைலம்மாள் தில்லைக் காளிக்கு வேண்டிக்கொண்டதன் பலன் என்று ஊரெல்லாம் சொன்னாள். கடைசி நாள் மாலை வண்டியில் ஹிதாயத்துல்லா சீட்டுக் கட்டை எடுக்கவே இல்லை. வெள்ளாற்றுப் பாலம் வந்தபோது, "எனக்கு சந்தோசந்தான் மச்சான்" என்று மட்டும் சொன்னார். சொன்ன முகத்தில் அதற்கு அடையாளமே இல்லை.

திங்கட்கிழமை காலையில் பாசஞ்சர் ஊதியபோது மணவாளன் பனியனோடு வாசலில் நின்றார். அத்தனை ஆண்களும் அவரைத் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவனைப் போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தார். மனைவி ஆச்சரியப்பட வேண்டும் என்று எண்ணம். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே ஒரே சிரிப்பு. அடுக்களையில் தைலம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, அவள் எதிரில் முக்காடு நழுவிக் கிடந்தது தெரியாமல் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தவள் சர்புன்னிசா. நடுவில் இரண்டு தட்டு. ஒன்றில் பாதி தின்ற இடியாப்பம்.

மணவாளன் தொண்டையைச் செருமினார். சர்புன்னிசா முக்காட்டை இழுத்துக்கொண்டு புழக்கடை வழியாகப் பறந்தாள். அப்புறம் கிணற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கிளம்பியது.

"தண்ணிய இந்தப் பக்கம் ஊத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? காது என்னா அடச்சிப் போச்சா?"

தைலம்மாள் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. ஜன்னல் பக்கம் கழுத்தை நீட்டி, "எங்க வூட்டுத் தண்ணி எங்க வேணும்னாலும் போவும், உனக்கு என்னாடி?" என்று கத்திவிட்டு, புருஷன் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா அவ வாய?" என்றாள்.

மணவாளன் இரண்டாவது தட்டைக் காட்டினார். "இது யாருக்கு?"

தைலம்மாள் தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று அவருக்குப் புரிய நேரமாயிற்று.

"சண்ட எப்ப தீந்துச்சு?"

"அது ஆச்சு, சண்ட வந்த வருசம் பொங்கலுக்கு முன்னாடியே. எனக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்ப அவதான் கஞ்சி வச்சிக் குடுத்தா. அந்த ஆட்டக்கூட வித்துட்டாங்களே, நீங்க பாக்கலியா?"

மணவாளன் பார்த்திருக்கவில்லை. போன வாரம் வரைக்கும் வண்டியில் அந்த ஆட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார். ஹிதாயத்துல்லாவும் பேசியிருக்கிறார். தன் வீட்டில் ஆடு இல்லை என்பது ஆட்டுக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது.

"அப்ப எங்க ரெண்டு பேர எதுக்குடி பேச வேணாம்னு வச்சிருக்கீங்க?"

"நல்லா கேட்டீங்க. சேந்துட்டா என்னா ஆவும்? சாயந்திரம் ரெண்டு பேரும் இங்க குந்திக்கிட்டு சீட்டாடுவீங்க. ராத்திரி வரைக்கும் டீ போட்டே எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சிடும். சர்புன்னிசாதான் சொன்னா, 'வேணாங்க்கா, பகையாவே இருக்கட்டும், அதுதான் நிம்மதி'ன்னு."

மணவாளன் கோபித்துக்கொள்ள முயன்றார். மூன்று வருஷம் வண்டியில் தாங்கள் இருவரும் செய்தது நினைவுக்கு வரவே, வந்த கோபம் பாதியில் நின்றுவிட்டது. இடியாப்பம் நன்றாக இருந்தது. ஒன்றுக்கு மூன்றாகத் தின்றார்.

ஆனால் அடுத்தடுத்த நாட்கள் நன்றாக இல்லை. அவர் எந்த நேரத்தில் வருவாரோ என்று சர்புன்னிசா வருவதை நிறுத்தினாள். பக்கத்து வீடுகளின் பேச்சும் அவர் தலையைக் கண்டால் நின்றது. ஆபீஸ் விட்டால் அஞ்சு நிமிஷத்தில் வீடு. தெருவில் ஓர் ஆண் கிடையாது, பேச ஆளில்லை. கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தைலம்மாள் குடத்தைக் கீழே வைக்கிற சத்தம் நாளுக்கு நாள் பெரிதாயிற்று.

"கொஞ்சம் வெளிய தெருவ போயிட்டு வாங்களேன்."

"எங்க போறது?"

"கடலூருக்குத்தான் போங்களேன்" என்றாள் அவள். வாய் தவறி வந்த வார்த்தை. இருவருமே அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சிதம்பரத்துக்கு வரத் தவம் கிடந்த பழனிவேல் என்ற குமாஸ்தா ஒருவன் மஞ்சக்குப்பத்தில் இருந்தான். பரஸ்பரம் இடம் மாற்றிக்கொள்ள இருவரும் சேர்ந்து மனுப் போட்டார்கள். மேலதிகாரி மணவாளனை ஏற இறங்கப் பார்த்தார். "வீட்டுப் பக்கத்தில இருக்க விட்டா வேணாங்கிறீரே, வீட்டில ஏதாவது தகராறா?" என்றார். "தகராறு இல்லாமத்தான் சார்" என்றார் மணவாளன். அதிகாரிக்கு விளங்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

தைலம்மாள் தில்லைக் காளிக்கு மறுபடி ஒரு தேங்காய் உடைத்தாள்.

புரட்டாசியில் ஒரு காலை, மணவாளன் தெருவின் அந்த ஓரத்தில் போன ஹிதாயத்துல்லாவைத் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு நடந்தார். பெட்டியில் ஏறியதும் ஹிதாயத்துல்லா அவரைக் கட்டிக்கொண்டார். இத்தனை நாளும் ஜன்னல் ஓரத்து இடத்தில் தன் பையை வைத்துக் காத்ததாகவும், ஒரு தபால்காரரோடு சண்டையே போட்டதாகவும் சொன்னார். துண்டை விரித்து, சீட்டைக் கலைத்தார்.

"மச்சான், எம்மனசில ஒண்ணு இருக்குது. இத்தினி வருசமாச்சு. நம்ப பெரிய மனுசனுங்க ரெண்டு பேரும் குந்த வச்சிப் பேசினா அவுங்க சமாதானமாயிட மாட்டாங்களா? பகலெல்லாம் ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு தனியாவே கெடக்கறாங்க, பாவம். நீ பகல்ல வூட்ல இருந்தவன், சொல்லு. பொண்டுவ எப்பிடி இருக்காங்க?"

வண்டி கிள்ளையை விட்டுக் கிளம்பியிருந்தது. மணவாளன் கையிலிருந்த சீட்டுகளை விசிறி போல விரித்து, அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, அத ஏன் கேக்கற!" என்றார். "நேர்ல பாத்துட்டு வந்தவன் சொல்றேன். வாயத் தொறந்தா நெருப்புதான். நாம தலையிட்டா ஜாஸ்தியாயிடும் மச்சான். எறங்கினதும் எம்பக்கம் திரும்பிடாத."

"அல்லா!" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே ஹிதாயத்துல்லா முதல் சீட்டை இறக்கினார்.