யார் வந்து பார்க்கப் போகிறார்கள்

மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும். சமையலறையில் நாற்காலி மேல் ஏறி நின்று அர்ச்சுனன் மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். இரண்டு வாரமாக அது கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஏறுவதற்கு முன் சுவரில் இருந்த சுவிட்ச் குமிழை அடைத்து, துணி காயப்போடும் சிவப்பு கிளிப் ஒன்றை அதில் மாட்டியிருந்தார். வீட்டில் எந்த மின்சார வேலையானாலும் அவருக்கு அதுதான் முதல் காரியம். கிளிப் இருந்தால் உள்ளே ஒருவன் கையை விட்டிருக்கிறான் என்று அர்த்தம், யாரும் தொடக்கூடாது. இருபத்தொரு வருடம் மின்தூண் ஏறிக் கம்பி வேலை பார்த்தவரின் பழக்கம்.

கைப்பேசி அடித்தது. தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் மரக்கிளை விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டது, லோரி வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். அர்ச்சுனன் இறங்கி, ஆறிப்போன தேநீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

“கிளிப்ப எடுத்துடாத. வந்து முடிச்சுத் தரேன்.”

“எடுத்தா மட்டும் காத்து வந்துடப் போவுதா?” என்றாள் அவர் மனைவி வாசுகி, நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் சிரித்தது காதில் விழுந்தது. அவ்வளவுதான். ஒன்றரை மணி நேரம் கழித்து, அந்த வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், கடைசித் தூணில் மின்சாரம் தாக்கி விழுந்து இறந்துபோனார்.

மருத்துவமனை நடைக்கூடத்தில், அர்ச்சுனன் வேலை பார்த்த குத்தகை நிறுவனத்தின் மேற்பார்வையாளர் அவளிடம் வருத்தம் சொன்னார். சொல்லிவிட்டு, லைனில் மின்சாரத்தை அடைக்காமலே ஏறியிருப்பார் போல, அவசரம்தான் ஆளைக் கொன்றுவிட்டது என்றும் சேர்த்துக்கொண்டார். விசாரணைக்குப் போன முதல் அறிக்கையிலும் அதையே எழுதினார். பணியாளரின் கவனக்குறைவு. மலாயில் அது ஒரே சொல். வாசுகி அந்தச் சொல்லை நூறு தடவைக்கு மேல் படித்தாள்.

அவளுக்குப் படிக்கத் தெரிந்ததுதான் அவளுக்கு வினையாக இருந்தது. பாலோ தமிழ்ப்பள்ளியில் பதினான்கு வருடமாக அவள் கிராணி, அலுவலக எழுத்தர். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு அரசாங்கப் பாரம் நிரப்ப வேண்டியிருந்தாலும் பள்ளி அலுவலகத்துக்கோ வீட்டுக்கோ எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பிறப்புப் பத்திரம், உதவித்தொகை, நிலப்பட்டா எல்லாம் அவள் கையெழுத்தில்தான் போகும். தாளில் ஒரு சொல் ஏறிவிட்டால் அது எத்தனை காலம் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மின்விசிறி கழற்றக்கூட கிளிப் மாட்டிய மனிதனை, கவனமில்லாமல் செத்தவன் என்று ஒரு கோப்பு என்றென்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறது.

பதினாறாம் நாள் வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் நேரம் முடிந்துவிட்டது என்றார்கள். எழுதியது அவ்வளவுதான் என்றார்கள். ‘எழுதியது மேற்பார்வையாளர்’ என்று வாசுகி மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் புருஷன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று அதையும் பேசியிருப்பார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு ரூபேந்திரன் வந்தான். அர்ச்சுனனோடு ஆறு வருடம் வேலை பார்த்தவன், அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவன். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று மூன்று முறை சொன்ன பிறகுதான் வந்தான்.

“நான்தாங்கா லைன அடைச்சேன். பூட்டு போட்டு சாவிய அண்ணன் கையில குடுத்தேன். மேல ஏறி ரெண்டு தடவ டெஸ்டர் வச்சுப் பாத்தாரு. செத்த கம்பி, கரண்டே இல்ல. அதுக்கப்பறந்தான் கை வச்சாரு. கால் மணி நேரம் வேலையும் பாத்தாரு.”

“அப்பறம் கரண்டு எங்கேருந்து வந்துச்சு?”

அவன் தரையைப் பார்த்தான். மேற்பார்வையாளரும் அதையேதான் கேட்டார், தன்னிடம் பதில் இல்லை, அதனால் தன் வார்த்தை அறிக்கையில் ஏறவில்லை என்றான். பிறகு மெதுவாக ஒன்றைச் சொன்னான். அண்ணன் விழுந்ததும் உதவிக்கு ஆள் தேடித் திரும்பியபோது வரிசை முழுக்க இருட்டு. தூணை ஒட்டிய கடைசி வீட்டில் மட்டும் முன்கூடத்து விளக்கு எரிந்தது. ஆம்புலன்ஸ் வந்தபோது அதுவும் அணைந்திருந்தது. தன் கண்தான் ஏமாற்றியதோ என்று இத்தனை நாளாகப் பேசாமல் இருந்துவிட்டான்.

கடைசி வீடு மகேஸ்வரனுடையது.

வாசுகி எழுந்துபோய் அலமாரியின் அடித்தட்டைத் திறந்தாள். எழுதிய தாள் எதையும் தூக்கிப் போடும் வழக்கம் அவளுக்கு இல்லை. ஏழு மாதத்துக்கு முந்திய அந்தப் பாரம் பழைய நாட்காட்டிகளுக்கு அடியில் கிடந்தது.

மகேஸ்வரன் சிங்கப்பூர் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் டெக்னீஷியனாக இருந்துவிட்டு வந்தவர். அந்தப் பதினெட்டு வருடத்தைச் சொல்லாமல் அவரால் ஒரு பேச்சை ஆரம்பிக்க முடியாது. கூரையில் சோலார் தகடு வைக்க குத்தகைக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள், நானே மாட்டிக்கொள்கிறேன் என்று தகடு, பேட்டரி எல்லாவற்றையும் ஜொகூர் பாருவிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வந்தார். அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று யாரோ சொல்லவும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசுகியிடம் வந்தார். பெயர், விலாசம், அடையாள அட்டை எண் எல்லாம் எழுதினாள். மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனது. மின்சாரம் தடைப்பட்டால் வீட்டு மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போகாமல் தடுக்கும் சுவிட்ச் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று படம் கேட்டது. அதைப் பரிசோதித்த லைசென்ஸ் வயர்மேனின் பெயரும் கையெழுத்தும் கேட்டது.

அர்ச்சுனன் அப்போது வீட்டில்தான் இருந்தார். வயர்மேன் ஒருத்தரைக் கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள் அண்ணே என்றார். தனக்குச் சொல்லித் தர இந்த ஊரில் எவனும் பிறக்கவில்லை என்று மகேஸ்வரன் சிரித்தார். வயர்மேன் வந்தால் கையை நீட்டுவான், ஆபிசுக்குப் போனால் அலையவிடுவான், இதெல்லாம் இல்லாமலே மாட்டினால் என்ன ஆகிவிடும் என்று வாசுகியைக் கேட்டார். பள்ளியில் ஆண்டுக் கணக்கெடுப்பு நேரம். அவளுக்குக் கை வலித்தது. பேனாவை மூடிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். மகேஸ்வரன் ஓவென்று சிரித்து, பாரத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

ரூபேந்திரன் வந்துபோன மறுநாள் வாசுகி அந்தப் பாரத்தோடு மகேஸ்வரன் வீட்டு வாசலில் நின்றாள். மகேஸ்வரன் கார் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராசம்மா வெளியே வந்து, அவளைக் கண்டதும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

அன்றைக்கு உங்கள் வீட்டில் மட்டும் எப்படி விளக்கு எரிந்தது என்று வாசுகி கேட்டாள். அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. தான் அப்போது ரயில் நிலையத்துக்கு எதிரே கோப்பிக் கடையில் இருந்ததாகச் சொன்னார். விளக்கு எரிந்ததை எவன் பார்த்தான் என்றார். பிறகு துணியைப் பிழிந்தார்.

“எம் வீட்டுல லைட்டு எரிஞ்சா உம் புருசன் ஏன் சாவணும்? டெஸ்ட் பண்ணாம ஏறிட்டு, இப்ப ஊர்ல உள்ளவன் தலையில கட்டப் பாக்கறியா?”

“ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணாரு.”

“செத்தவரு வந்து சொன்னாரா?”

வாசுகி பாரத்தை நீட்டிப் பிடித்தாள். மூன்றாம் பக்கம், காலியாக இருந்த கட்டம். இந்தச் சுவிட்சை வைத்தீர்களா, எந்த வயர்மேன் வந்து பார்த்தான், அதை மட்டும் சொல்லுங்கள் என்றாள்.

மகேஸ்வரன் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். அவர் குரல் தணிந்திருந்தது. அதுதான் மோசமாக இருந்தது.

“அன்னிக்கு நீ என்னா சொன்னே, ஞாபகம் இருக்கா? ‘யாரு வந்து பாக்கப் போறா, மாட்டிக்கிங்கண்ணே’ன்னு சொன்னவ நீதானே? உம் புருசனும் பக்கத்துலதான் நின்னாரு. கேஸு போட்டேன்னா அதையும் சேத்துப் போடு லா. அழகாத்தான் எழுதுவியே.”

வாசுகி பாரத்தை மடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள். தாமான் தெரு அன்று போல் என்றைக்கும் நீண்டதில்லை. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அங்கேயே நின்று சண்டை போட்டிருப்பாள்.

நான்கு நாள் கழித்து, காலை பத்து மணி. பள்ளி அலுவலகத்தில் பாரம் எழுத வருகிறவர்கள் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் ராசம்மா வந்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் பால்மரம் வெட்டி வளர்ந்தவள். பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. கையில் பாரம் எதுவும் இல்லை.

“எனக்கு ஒரு சூராட்டுக் கடுதாசி எழுதித் தரணும், வாசுகி.”

“யாருக்கு?”

“வெசாரணைக்கு வர்றாங்கள்ல, அவங்களுக்கு. எனக்கு மலாய்ல எழுத வராது. ஒன்ன விட்டா நான் யாருகிட்ட போவேன்?”

வாசுகிக்கு எழுந்து போ என்று சொல்ல நாக்கு துடித்தது. பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

“சொல்லு. ஒன்னொன்னா சொல்லு. ஒன்னும் விடக்கூடாது.”

ராசம்மா சொன்னாள். அன்று மின்சாரம் போனபோது அவள் தனியாக இருந்தாள். ஐஸ்பெட்டியில் மீன் இருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயர் ஒன்றை மகேஸ்வரன் செய்து வைத்திருந்தார். ஒரு முனையைப் பேட்டரிப் பெட்டியிலும் மறுமுனையைச் சுவரிலும் சொருகினால் வீடு முழுக்க மின்சாரம் வந்துவிடும். அதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அடைக்க வேண்டும்.

“அடைச்சியா?”

“மறந்துட்டேன். கொஞ்ச நேரத்துல பெட்டியும் தானா அணைஞ்சுபோச்சு. வெளிய ஆளு வேல செய்யறது தெரியும். லோரிய பாத்தேன். அந்தத் தூணுல நிக்கறவருக்கும் நான் சொருவற பிளக்குக்கும் சம்பந்தம் இருக்குன்னு சத்தியமா எனக்குத் தெரியாது, வாசுகி. அவரு அத எனக்குச் சொல்லல. ஐஸ்பெட்டி கெட்டுப்போவும், அதனால மெயின அடைன்னுதான் சொன்னாரு.”

பேனா நின்றது. சுவரின் அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் செத்ததற்கும் ஒரு ஐஸ்பெட்டிக்கும் இடையில் இருந்தது இந்தக் கிழவியின் ஞாபகம் ஒன்றுதான். அவள் மறந்தால்கூடத் தானாகத் தடுத்திருக்கும் சுவிட்சைத்தான் மூன்றாம் பக்கம் கேட்டிருந்தது.

“நீ வெசாரணைக்குச் சொல்லப் போறது அவருக்குத் தெரியுமா?”

“போனா திரும்பி வராதேன்னாரு. அம்பத்தெட்டு வயசுல நான் எங்க போவப் போறேன்? ஆனா செத்தவருமேல பழிய போட்டுட்டு அந்த வீட்டுல ஒலை வைக்க முடியல.”

வாசுகி முழுவதையும் மலாயில் எழுதி, தமிழில் திரும்பப் படித்துக் காட்டினாள். பெருவிரல் ரேகை வைக்கவா என்று ராசம்மா கேட்டாள். கையெழுத்து போடு, உனக்குப் பெயர் எழுதத் தெரியும் என்றாள் வாசுகி, கொஞ்சமும் இரக்கம் இல்லாமல். அவள் எழுத்தெழுத்தாகப் பெயரை எழுதியதும், வாசுகி இன்னொரு தாளை எடுத்துத் தன் வாக்குமூலத்தை எழுத ஆரம்பித்தாள். என்ன எழுதுகிறாய் என்று ராசம்மா கேட்டாள்.

“யாரு வந்து பாக்கப் போறான்னு நான் சொன்னத. வந்து பாத்தது எம் புருசன்தான்.”

இரண்டு தாளும், மூன்றாம் பக்கம் காலியாக இருந்த பாரமும், ரூபேந்திரனின் வார்த்தையும் விசாரணை அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தன. மூன்று மாதம் கழித்து வந்த கடிதத்தில் கவனக்குறைவு என்ற அந்த ஒற்றைச் சொல் இல்லை. மகேஸ்வரன் மீது வழக்கு நடக்கிறது. சாலையில் வாசுகியைக் கண்டால் காறித் துப்புகிறார். ராசம்மா குளுவாங்கில் தங்கை வீட்டில் இருக்கிறாள். அவளை மன்னித்தாயா என்று யாரும் வாசுகியைக் கேட்கவில்லை.

பாரம் எழுதுவதை வாசுகி நிறுத்தவில்லை. போன வாரம் அதே தாமானிலிருந்து அப்துல் பாசித் என்பவர் வந்தார். அவருக்கும் சோலார்தான், சொந்தமாக மாட்டப் போகிறார். மூன்றாம் பக்கம் வந்ததும், இது வெறும் முத்திரைச் சாப்பு குத்தற வேலைதானே, எதையாவது போட்டு நிரப்புங்கள் அக்கா என்றார். வாசுகி பேனாவை மூடிப் பாரத்தை அவர் பக்கம் தள்ளினாள்.

“சொந்தமா மாட்டுங்க, தப்பே இல்ல. ஆனா வயர்மேன் வந்து பாத்துக் கையெழுத்து போட்டதும் கொண்டாங்க, எழுதித் தரேன். பெர்மிட்டு ஆபிசுல உக்காந்திருக்கறவனுக்கு இல்ல, தம்பி. ஒங்க வீட்டுக்குள்ள கரண்டு இருக்குன்னு தெரியாம வெளிய கம்பியில கை வைக்கறான் பாருங்க, அவனுக்கு. அந்தக் கட்டத்த காலியா விடறவங்க, ஒரு ஆள கொல்ல நாள் குறிக்காம விட்டுவச்சிருக்காங்கன்னு அர்த்தம்.”

அவர் பாரத்தை எடுத்துக்கொண்டு போனார்.

அன்று மாலையும் வாசுகி வேர்வை வழிய வழியத்தான் சமைத்தாள். கழற்றிய மின்விசிறியின் மூடி அடுப்பங்கரை மூலையில் சாய்ந்திருக்கிறது. சுவரில் குமிழ் அடைத்தபடி இருக்கிறது. அதில் சிவப்பு கிளிப் மாட்டியிருக்கிறது.