கேட்கப்படாத பதில்கள்

நூல் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறாள் நாகஜோதி, கூடுதலாக வாங்கி எழுதிய ஏழு தாள்களும் நெஞ்சோடு அணைந்திருக்கின்றன, எதிரே தேர்வறைக் கண்காணிப்பாளன், அவளைவிட நாலைந்து வயதுதான் மூத்திருப்பான், பொன்னிறத் தாடியைச் சொறிந்தபடி, நூலா, எதைத் தைக்க என்று கேட்கிறான், அவள் இரண்டு விரல்களால் காற்றிலேயே ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டுகிறாள், அவனுக்கு விளங்கவில்லை, சன்னலுக்கு வெளியே டிரெஸ்டன் நகரத்தின் மேல் பிப்ரவரிப் பனி பெய்துகொண்டே இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் நாற்பது பேர் பேனாவை மூடிவைத்துவிட்டு இதைப் பார்க்கிறார்கள், அவர்களில் ஒருவர்கூட இரண்டு தாளுக்கு மேல் எழுதியிருக்கவில்லை, அதைக் கண்டபோது அவளுக்குப் பயம் வரவில்லை, இரக்கம்தான் வந்தது, பாவம், ஒன்றுமே படிக்காமல் வந்துவிட்டதுகள் என்று.

அது போன வருடத்துப் பனி. இப்போது ஜூலை, அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில், மூடிய ஒரு கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், இரண்டு மணிக்கு வாய்மொழித் தேர்வு, பாடம் நிலத்தடி நீர், மூன்றாம் முறை என்பதால் எழுத்துத் தேர்வு இல்லை, இதிலும் தோற்றால் நான்காவது என்று ஒன்று கிடையாது, இந்தத் துறையின் சட்டம் அப்படி, மூன்று முறை தோற்றவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறவேண்டியதுதான், பரமக்குடியில் இறங்கினால் முதலில் எதிரே வந்து நிற்கப்போவது இந்திராணி டீச்சர், அதாவது அம்மா, அவளுக்கோ மகள் ஒரு முறை தோற்றதுகூட இன்றுவரை தெரியாது.

இந்திராணி டீச்சரின் டியூஷனில் படித்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள், தெரியாது என்ற வார்த்தை அந்த வீட்டுப் படியேற முடியாது. கூடத்தில் பாய் விரித்துப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருபது பேர், கரும்பலகைக்குப் பக்கத்தில் அம்மா, கொண்டையில் சாக்பீஸ் தூள், எதையும் வெறுமனே விட்டுட்டு வராதீங்க, ஒண்ணுமே தோணலயா, கேள்வியையாச்சும் திருப்பி எழுதி நம்பரைப் போட்டு வச்சுட்டு வாங்க, நம்பர் போட்டதுக்கு அரை மார்க்காவது போடுவான், பேப்பர் திருத்துறவன் கையில எடுக்குறப்பவே கனம் தெரியணும், வீட்டிலேயே மாதிரித் தேர்வு வைப்பாள், கூடுதல் தாள் கேட்டு முதலில் யார் கை தூக்குகிறார்களோ அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்பு, நாகஜோதி அந்தச் சிரிப்புக்காகவே எழுதினாள், தாள்களைக் கட்டும் நூலைச் சீப்பில் சுற்றி டப்பாவில் வைத்திருந்தாள், பத்தாவதில் எழுதினாள், பன்னிரண்டில் எழுதினாள், பொறியியல் கல்லூரியில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பசுமாட்டைக் கேட்டபோது தென்னைமரத்தைச் சொல்லி, அந்த மரத்திலே மாட்டைக் கொண்டுபோய்க் கட்டினாள், போதும்மா போதும் என்று அவரே முழு மதிப்பெண் போட்டு அனுப்பினார், அப்படி வென்று வென்று ஏழு கடல் தாண்டி வந்தவள் ஏழு தாளில் விழுந்தாள்.

தோற்றவர்கள் தங்கள் விடைத்தாளைப் போய்ப் பார்க்கலாம் என்றார்கள், போனாள், தாடிக்காரன்தான் எடுத்துக் கொடுத்தான், தாளின் ஓரமெங்கும் பென்சிலில் ஒரே குறிப்பு, கேட்கப்படவில்லை, இரண்டாம் பக்கத்தில் கேட்கப்படவில்லை, மூன்றாம் பக்கத்தில் கேட்கப்படவில்லை, சரியாக எழுதிய வரிகளுக்குப் பக்கத்திலேயே தவறாக எழுதிய வரிகளும் இருந்து முன்னதன் மதிப்பெண்ணைப் பின்னது தின்றிருந்தது, வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே புத்தி வந்திருக்கும், இவளோ, ஓகோ, அடுத்த முறை கேட்கப்போவதையும் இன்னும் கொஞ்சம் சேர்த்துப் படிக்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினாள். அடுத்த பிப்ரவரியில் ஒன்பது தாள். இம்முறை நூல் கேட்கவில்லை, ஸ்டேப்ளரைக் கையோடு கொண்டுபோயிருந்தாள், அந்த அளவுக்கு ஊரோடு ஒத்து வாழக் கற்றிருந்தாள். அன்று சாயங்காலம் அம்மா போனில், எத்தனை அடிஷனல், ஒம்பதும்மா, அப்படிப் போடு, ரிசல்ட்டு எப்ப, இங்கல்லாம் லேட்டாத்தாம்மா வரும், சரி சரி, வரட்டும் வரட்டும், பின்னால் பிள்ளைகளிடம் அம்மா சொல்வது கேட்டது, எங்க ஜோதி ஜெர்மனியிலயே ஒம்பது அடிஷனல் வாங்குனவடா, அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டு அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடியது, தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன் என்று அதிகாரிகள் மிரட்டும் சீமையில் பிறந்தவள் தண்ணீரை ஓடவிட்டு அழுகிறோமே என்று நினைத்துக் குழாயை மூடினாள், பிறகு அழுகையும் நின்றுவிட்டது.

அந்த ஒன்பது தாளும் தோற்றது, மயூரதி வந்து சேர்ந்தது அதற்கப்புறம். ஒரே வகுப்பு, அப்பா அம்மா யாழ்ப்பாணம், பிறந்து வளர்ந்தது இங்கேதான், ஹம் என்ற ஊரில், ஜெர்மன்காரர்களோடு ஜெர்மன்காரியாகப் பேசிவிட்டு இவள் பக்கம் திரும்பினால் வாயிலிருந்து வருவது சுத்தமான யாழ்ப்பாணம். மாணவர் உணவகத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, இவள் தட்டில் பொரித்த உருளைக்கிழங்கு, அவள் கேள்வி கேட்பாள், இவள் சொல்லவேண்டும், கேக்காததைச் சொன்னா ஒரு கிழங்கு எனக்கு, சரியே, முதல் வாரம் நாகஜோதி பட்டினி. நான் கேட்டது கிணத்துக்கு எவ்வளவு ஆழம் எண்டு, நீர் பூமி உருவான கதையில இருந்து தொடங்குறீர். இல்லப்பா, தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டா ஏதாவது ஒண்ணுக்கு மார்க் கிடைக்கும்ல. ஒண்டுக்கும் கிடையாது, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லிப்போட்டுப் பிறகு இருந்து யோசியுமன், புரொபசர் என்ன உம்மைக் கடிச்சுத் தின்னவே போறா. அந்த வார்த்தை வாயில வர மாட்டேங்குது மயூரதி. வரும், சொல்லிச் சொல்லிப் பழகும். சொல்லிச் சொல்லிப் பழகினாள், குளியலறைக் கண்ணாடியிடம் சொன்னாள், டிராமில் கடைசி இருக்கையில் உட்கார்ந்து உதட்டசைவில் சொன்னாள், எல்பே ஆற்றங்கரையில் வாத்துகளிடம் சொல்லிப் பார்த்தாள், வாத்துகள் அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை, தனியாக இருக்கும்போதெல்லாம் வந்தது, மயூரதியின் முகத்தைப் பார்த்ததும் மறுபடி தொண்டைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

கதவு திறக்கிறது. பேராசிரியர் கிரோனவால்ட், குட்டை முடி, முன்னால் புதினா இலை மிதக்கும் தேநீர், பக்கத்தில் குறிப்பெடுக்க அதே தாடிக்காரன், வாருங்கள், உட்காருங்கள், அம்மா கோயில் திருநீற்றை மடித்துக் கொடுத்த பொட்டலம் சட்டைப் பையில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள். பேராசிரியர் ஒரு தாளை நகர்த்தினார், அலையலையாக ஒரு கோடு, இது ஒரு நகரத்துக் கிணற்றின் நீர்மட்டம், பதினான்கு நாட்களுக்கு, தினமும் காலையில் இறங்குகிறது, மாலைக்கு மேல் ஏறுகிறது, ஆனால் பாருங்கள், இந்த ஒரு நாளும், ஏழு நாள் கழித்து இந்த ஒரு நாளும் மட்டும் இறங்கவே இல்லை, ஏன். அவ்வளவுதான் கேள்வி. தொழுவத்தைத் திறந்துவிட்ட மாடுகள் மாதிரி படித்ததெல்லாம் நாக்குக்கு முண்டிக்கொண்டு வந்தது, காற்றழுத்தம் வந்தது, கடல் ஏற்றவற்றம் வந்தது, மரங்கள் பகலில் நீரை உறிஞ்சுவது வந்தது, வாயைத் திறந்தாள், மரங்கள் என்று சொல்லப்போனாள், மரத்துக்கு ஏது வாரத்தில் ஒரு நாள் லீவு என்று உள்ளே ஏதோ ஒன்று கேட்டது, திறந்த வாய் திறந்தபடியே நின்றது, தாடிக்காரன் தலை நிமிர்ந்து பார்த்தான், வீட்டுக் கூடமும் கரும்பலகையும் அம்மாவின் சிரிப்பும் கண்முன் வந்தன, அம்மா, மன்னிச்சிரு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டாள்.

இடி விழவில்லை. பேராசிரியர் தேநீரை ஒரு வாய் குடித்தார், அடுத்த கேள்விக்குத் தாவவில்லை, முகம் சுளிக்கவில்லை, நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். நாக்கில் முண்டிய மாடுகளெல்லாம் கலைந்துபோய்விட்டன, இடம் காலியாக இருந்தது, அந்தக் காலி இடத்தில் லீவு என்ற ஒரு சொல் மட்டும் நின்றது, அதைப் பிடித்துக்கொண்டு அவள் எங்கோ போகிறாள், இந்த நகரத்துக்கு வந்த மறுநாள், அரிசி வாங்கலாம் என்று பையை எடுத்துக்கொண்டு இறங்குகிறாள், ஒரு கடை திறந்திருக்கவில்லை, அடுத்த தெருவிலும் இல்லை, சாலையில் ஈ காக்காய் இல்லை, யாரோ பெரிய தலைவர் இறந்துவிட்டார், இன்னும் கொஞ்ச நேரத்தில் கல்வீச்சு தொடங்கிவிடும் என்று ஓடிவந்து அறையைப் பூட்டிக்கொள்கிறாள், பெட்டியிலிருந்த தட்டையைத் தின்றுகொண்டே அம்மாவுக்குப் போன் போடுகிறாள், அம்மா, டி.வி.யப் போட்டு ஜெர்மனியில யாரு செத்துப்போனான்னு பாரு, அம்மாவும் பதறிப்போய்ச் சேனல் சேனலாக மாற்றிப் பார்க்கிறாள், யாரும் சாகலயேடி, யாரும் சாகவில்லைதான், அன்று ஞாயிற்றுக்கிழமை, இந்த ஊரில் ஞாயிறு என்றால் கடை, பட்டறை, ஆலை, எல்லாமே உறங்கும், அது தெரியாத ஒரே ஆள் நான்காம் மாடியில் கதவைப் பூட்டிக்கொண்டு தட்டை தின்றுகொண்டிருந்தாள்.

நான் ஒன்று கேட்கலாமா என்றாள். கேளுங்கள். இறங்காத அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையா. பேராசிரியர் கோப்பையைக் கீழே வைத்தார், ஆமாம், இரண்டுமே ஞாயிறு. அப்படியானால் பக்கத்தில் யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள், ஆலையாக இருக்கலாம், சலவைக்கூடமாக இருக்கலாம், வாரத்தில் ஆறு நாள் வேலை, ஞாயிறு விடுமுறை, அவர்கள் மோட்டார் ஓடும்போது இந்தக் கிணறு இறங்குகிறது, எது என்று எனக்குத் தெரியாது, கிணற்றைச் சுற்றி நடந்துபோய்த்தான் பார்க்கவேண்டும், இரண்டாம் முறை அந்த வார்த்தை தானாகவே வந்தது. எவ்வளவு தூரம் நடப்பீர்கள், கணக்கிட்டுச் சொல்லுங்கள் என்றார், கணக்கிட்டாள், ஓரிடத்தில் பெருக்குவதற்குப் பதில் வகுத்தாள், பார்த்தாள், அடித்துத் திருத்தினாள், எழுதியது மொத்தம் அரைப் பக்கம். வெளியே போய் நிற்கச் சொன்னார்கள், நான்கு நிமிடம் நின்றாள், கூப்பிட்டார்கள், நான்கு என்றார் பேராசிரியர், இங்கே ஒன்றுதான் உச்சம், நான்கு வரைக்கும் தேர்ச்சி, ஐந்து என்றால் ஊர், மூன்றாம் முறையில் இதற்கு மேல் கொடுக்க விதி இடமளிக்கவில்லை, வாழ்த்துகள். படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள், கீழே மயூரதி சைக்கிளோடு நின்றாள், முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டு இறுக்கிக் கட்டிக்கொண்டாள், பிறகு கையை எடுத்துவிட்டு, அம்மாட்டச் சொல்லும், எல்லாத்தையும் சொல்லும், இப்பவே போன் எடும் என்றாள்.

பரமக்குடியில் மணி ஆறு, டியூஷன் நேரம், பிள்ளைகள் பாடத்தை ஒப்பிக்கும் சத்தத்துக்கு நடுவே அம்மா, என்னடி இந்நேரம். அம்மா, நான் ரெண்டு தடவை ஃபெயிலும்மா. எதுல. நிலத்தடி நீர்ல. ஒம்பது அடிஷனல் வாங்குனியேடி. அதனாலதாம்மா ஃபெயிலு. ஒன்றரை வருசமா எங்கிட்டப் பொய் சொல்லியிருக்க. ஆமாம்மா. அம்மா வைவாள் என்று எதிர்பார்த்தாள், வையவில்லை, இன்னைக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள். இன்னைக்குப் பாஸ், ஓரத்துல நின்னு பாஸ், தெரியாதுன்னு சொன்னேன்மா, அதுக்கப்புறம்தான் பாஸு. தெரியாதுன்னு சொன்னவளுக்கு எவன்டி பாஸ் போடுவான், அப்படி என்னத்தக் கேட்டாங்க. சொன்னாள், கிணற்றைச் சொன்னாள், தினமும் காலையில் இறங்கி மாலையில் ஏறுவதைச் சொன்னாள், ஏழு நாளுக்கு ஒரு நாள் இறங்காததைச் சொன்னாள். அம்மா உடனே, அன்னைக்கு மழை பேஞ்சிருக்கும். வாராவாரமாம்மா. அப்ப அமாவாசை. அமாவாசை மாசத்துக்கு ஒண்ணும்மா. தை மாசமா இருந்தா, என்று எதையோ தொடங்கி அம்மா நிறுத்திக்கொண்டாள், ஒப்பிக்கும் சத்தமும் நின்றுபோயிருந்தது, டீச்சர் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும், மயூரதி சைக்கிள் மணியை விரலால் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்து நின்றாள், தெரியலயே ஜோதி என்றாள் அம்மா.

இருபத்துநான்கு வருடத்தில் அந்த வாயிலிருந்து அதைக் கேட்டதில்லை. பதிலைச் சொல்ல வாயெடுத்தாள், சொல்லிடாத, இரு என்றாள் அம்மா, போனை வாயிலிருந்து கொஞ்சம் விலக்கிப் பிடித்தது தெரிந்தது, எல்லாரும் நோட்ட மூடுங்க, ஜெர்மனியில ஒரு கெணறு இருக்காம், தினமும் தண்ணி இறங்குதாம், வாரத்துல ஒரு நாள் மட்டும் இறங்காதாம், ஏன்னு யோசிச்சுச் சொல்லுங்க, டீச்சருக்குத் தெரியல. நோட்டுகளை ஒவ்வொன்றாக மூடும் சத்தம் கேட்டது, அம்மா போனை வைக்கவில்லை, அவளும் வைக்கவில்லை.