இடது ஓரக் குழி

பொக்காச்சா ரொட்டிக்கு அழகே அதன் மேலிருக்கும் குழிகள்தான். இத்தாலிக்காரர்கள் மாவைத் தட்டில் பரப்பி, எண்ணெய் விட்டு, பத்து விரலாலும் அழுத்தி அந்தக் குழிகளைப் போடுவார்களாம். நம் கதையில் வரும் துரித உணவுக் கம்பெனியின் சமையற்கூடத்திலோ மாவு உறைந்துபோய்ப் பையில் வரும். எண்ணெய் கேனில் வரும். மேலே தூவுகிற இலைத்தூள் எந்தச் செடியுடையது என்று பாக்கெட்டுக்கே தெரியாது. அத்தனையிலும் ஒன்றே ஒன்றுதான் அசல், அந்தக் குழி. ஆறு வருடமாக அதைப் போட்டுவந்தவளுக்குக் குழியக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

கம்பெனியின் எல்லாக் கடைகளிலும் ‘கைவிரல் பட்ட ரொட்டி’ என்று பலகை தொங்கியது. அதைப் பொய்யாகாமல் காப்பாற்றிக்கொண்டிருந்தவள் அவள்தான். சின்ன வயதில் கதவிடுக்கில் மாட்டியதில் அவளுடைய இடது சுண்டுவிரல் கோணலாகிவிட்டது. அதனால் மற்ற ஒன்பது குழியும் ஒழுங்காக நிற்க, இடது ஓரக் குழி மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும்.

ஒருநாள் மேனேஜர் வந்தார். “அக்கா, நாளைக்கு உங்க கையை அச்செடுக்க வர்றாங்க. கொஞ்சம் சுத்தமா வெச்சுக்கங்க.”

விளம்பரத்துக்கு என்று நினைத்துக்கொண்டாள். அன்று மாலை நகம் வெட்டி, எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் கிடந்த கணவர், “என்ன, கைக்கு மட்டும் கல்யாணமா?” என்று கேட்டார். வெகுநாள் கழித்து இருவரும் சிரித்தார்கள்.

பல் டாக்டர் அளவெடுக்கிற பசை மாதிரி ஒன்றில் கைகளை அமுக்கச் சொன்னார்கள். “ஆடாதீங்க” என்றார்கள். பாவி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நின்றாள்.

மூன்று வாரத்தில் இயந்திரம் வந்து இறங்கியது. அதன் அடியில் பத்து ரப்பர் விரல்கள். இடது ஓர விரல் கோணல். அவள் கையை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை, நகத்தை வெட்டி அவளேதான் கொடுத்தாள்.

“அப்ப நான் எதுக்கு சார்?”

மேனேஜர் கெட்டவர் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “பலகையில கைவிரல்னு போட்டிருக்கே. யாராவது கேட்டா, இதோ இவங்க கைதான்னு காட்ட ஆள் வேணும்னு மேல பேசியிருக்கேன். அச்சுல உங்க கை இருக்கற வரைக்கும் உங்களை வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. பேக்கிங் பக்கம் போயிடுங்க.”

“இதுல என் விரல் எங்க சார் படுது?”

“கை உங்க கைதானே அக்கா.”

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்தாள். பெட்டியில் அடுக்கும்போது ரொட்டியின் இடது ஓரக் குழியில் சுண்டுவிரலை வைத்துப் பார்ப்பாள். கச்சிதமாக உட்காரும். “நான் இல்லேன்னா அந்த மெஷினுக்குக் கையே இல்ல” என்று கணவரிடம் பீற்றிக்கொள்வாள். அவரும் நம்பியதுபோல் தலையாட்டுவார். அந்த வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் அவள் ஒருத்திதான்.

பிறகு ஒரு வாடிக்கையாளர் கடிதம் எழுதினார். இத்தாலி போய் வந்தவராம். மேனேஜர் அவளுக்குப் படித்துக் காட்டினார். ‘அசல் ரொட்டியில் ஒன்றைப்போல் மற்றொன்று இருக்காது. உங்கள் ரொட்டி அத்தனையிலும் ஒரே இடத்தில் ஒரே கோணல். இயந்திரம் என்பது பச்சையாகத் தெரிகிறது.’

“சரியாத்தானே சொல்றார்?” அவளுக்குக் குரல் துள்ளியது. “கையால போட்டா ஒவ்வொண்ணும் ஒரு மாதிரிதான் இருக்கும். என்னைப் பழையபடி அங்க நிக்க வைங்க சார்.”

“நானும் அதையேதான் எழுதிப் போட்டேன்” என்றார் மேனேஜர்.

மேலிடத்துப் பதிலாக ஒரு மெக்கானிக் வந்து சேர்ந்தான். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவில்லை, கோணலை நிமிர்த்தத்தான் உத்தரவு. வளைந்த ரப்பர் விரலை அறுத்துக் குப்பையில் போட்டுவிட்டு நேரான ஒன்றை ஒட்டினான். “யாரு கைங்க இது, இப்படி இருந்திருக்கு?” என்று சும்மா கேட்டான். பெட்டியும் கையுமாக அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் நேரான குழிகளோடு ரொட்டிகள் வரிசையாக வந்தன. அவள் சுண்டுவிரலை வைத்தாள். உட்காரவில்லை. அடுத்ததில் வைத்தாள், அதிலும் உட்காரவில்லை. வலது கையால் அந்த விரலைப் பிடித்து உள்பக்கமாக அமுக்கினாள். வலியில் கண் கலங்கியது. விடவில்லை. ரொட்டிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன.

மேனேஜர் கையில் ஒரு தாளோடு வந்து நின்றார். அவர் கூப்பிடுவதற்குள் அவளே சொன்னாள்.

“கொஞ்சம் இருங்க சார். இப்ப நேராயிடும்.”