மூன்றாம் பக்கத்துக்குப் போகாத கை

அண்ணன் வீட்டில் தங்கை பியானோவில் பழகும் பாட்டு மூன்று பக்கம். அதில் முதல் பக்கம் அந்த வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அண்ணி பாத்திரம் தேய்க்கும்போது அதைத்தான் முணுமுணுப்பாள். இரண்டாம் பக்கம் தொடங்கியதும் அவளுக்கும் ஓடாது. மாடியில் குடியிருப்பவர் ஒருநாள் தங்கையைப் படியில் மறித்து, "ஏம்மா, அந்தப் பாட்டுக்கு முடிவுன்னு ஒண்ணு கிடையாதா?" என்றே கேட்டுவிட்டார்.

தங்கை என்ன செய்வாள், பாவம்! பியானோ வகுப்பில் சேர்ந்த அன்றே டீச்சர் சொன்னது: "தப்பு வந்தா முதல்லேருந்து வாசி." அண்ணனும் அதையே சொன்னான். பியானோவைத் தொட்டே பார்க்காத ஆள்கூட இந்த ஒரு யோசனையை மட்டும் கேட்காமலே தருவார். அவள் வேலை பார்ப்பதோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். அங்கே நடுவில் ஒரு சொட்டு பிசகினால் மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதுக் குழாயில்தான் தொடங்க வேண்டும். அதனால் டீச்சர் சொன்னது அவளுக்கு வேதவாக்காகிவிட்டது. தப்பு வரும், முதல் வரிக்கு ஓடுவாள். கடைசிப் பக்கம்வரை போன மாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாலை நேர இசைக் கல்லூரியில் முப்பத்தைந்து வயதுவரைதான் சேர்த்துக்கொள்வார்கள். அவளுக்கு இதுதான் கடைசி வருடம். சேர்க்கைத் தேர்வன்று தப்பே வராது என்று நம்பிப் போனாள்.

முதல் பக்கத்தை வாசித்தபோது தேர்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ரசித்துக் கேட்டார். இரண்டாம் பக்கத்தில் ஒரு விரல் சறுக்கியது. சின்னச் சறுக்கல்தான், கண்டுகொள்ளாமல் போயிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் அவளைக் கேட்காமலே இரண்டு கையும் முதல் வரிக்குப் போய்விட்டன.

"பரவாயில்லம்மா, தப்பு வந்தா வரட்டும். அப்படியே மேல போங்க."

தலையாட்டினாள். மறுபடி அதே இடம், மறுபடி முதல் வரி.

"சரி, கடைசிப் பக்கம் மட்டும் வாசிங்க. அது போதும்."

பக்கத்தைத் திருப்பினாள். எல்லாம் தெளிவாகத்தான் அச்சாகியிருந்தது. விரலை எங்கே வைப்பது என்பதுதான் தெரியவில்லை. அழுகை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

"எனக்கு முதல்லேருந்து வாசிச்சாதான் வரும் மேடம்" என்றாள்.

தேர்வாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். நல்ல மனுஷி.

"கை நல்லா இருக்கும்மா. இன்னும் கொஞ்சம் பழகிட்டு அடுத்த வருஷம் வாங்க."

"சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் எழுந்துகொண்டாள்.